செம்பனின் வாய் ஏன் நாறுகிறது?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் அம்மாவும் நானும் எங்கள் கடுவன் பூனை செம்பனும் இருக்கிறோம். அவனுக்கு 8 வயது. சில மாதங்களாக வாய் பொறுக்க முடியாதபடி நாறுகிறது. உலர் உணவைக் கவ்விவிட்டுக் கீழே போடுகிறான். அவித்த சூடை மீனை மட்டும் சாப்பிடுகிறான். மயக்க மருந்து கொடுத்துப் பற்களைத் துப்புரவு செய்ய வேண்டும், சில பற்களைப் பிடுங்கவும் நேரலாம் என்கிறார் மிருக வைத்தியர். "மீன் தின்கிற வாய் நாறத்தானே செய்யும், கராம்பு எண்ணெய் பூசு" என்கிறார் அம்மா. எனக்கோ மயக்க மருந்து என்றாலே பயம். என்ன செய்வது?
வாசகி, கொழும்பு 6

பதில்: சகோதரி, முதல் வேலையாக அந்தக் கராம்பு எண்ணெய்ப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நம் பல்வலிக்கு அது கைகண்ட மருந்து; பூனைக்கு நஞ்சு. அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காய்ச்சலுக்கு நாம் போடும் பனடோல் (பாரசிற்றமோல்) அதைவிடக் கொடியது. ஒரே ஒரு மாத்திரை போதும், செம்பன் செத்துப்போவான். வலியில் துடிக்கிறானே என்று இரக்கப்பட்டுக்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

மீன் வாசனை சாப்பிட்ட சற்று நேரத்தில் போய்விடும். மாதக்கணக்கில் நிற்கும் நாற்றம் பெரும்பாலும் முரசு நோயின், அதாவது பல் ஈறு நோயின், நாற்றம். பல்லில் படியும் அழுக்கு சில நாட்களிலேயே காறையாக இறுகுகிறது. அதன் ஓரத்தில் கிருமிகள் குடியேறி முரசு வீங்குகிறது, வேர் ஆட்டம் காண்கிறது. வளர்ந்த பூனைகளுக்கு வேறொரு தொல்லையும் அடிக்கடி வரும்: பல்லே மெல்ல மெல்லக் கரைந்துபோகும். வேரில் நடப்பது எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். அப்படிக் கரைந்து வலிக்கும் பல்லைக் காப்பாற்ற வழியில்லை, எடுத்துவிடத்தான் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என் மனத்தைத் தைத்தது அவன் உணவைக் கவ்விவிட்டுக் கீழே போடுகிறான் என்ற வரிதான். பசி இருக்கிறது, கடிக்க முடியவில்லை. பூனை வலியை மறைக்கும் பிராணி; கத்தாது, அழாது. முதுகு மயிர் சடை பிடித்திருக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறானா என்று இன்றைக்கே பாருங்கள். வாய் நொந்தால் பூனை உடம்பை நக்குவதையும் விட்டுவிடும்.

மயக்க மருந்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முரசுக்கு அடியில் சுரண்டுவதற்கு விழித்திருக்கும் எந்தப் பூனையும் வாய் திறந்து தராது. மேலே தெரியும் காறையை மட்டும் சுரண்டினால் பல் வெளுக்கும், நோய் அப்படியே இருக்கும். ஆகவே வைத்தியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். முன்கூட்டியே இரத்தம் சோதித்துச் சிறுநீரகத்தையும் ஈரலையும் பார்ப்பார்களா? மயக்கத்தில் உடல் சூடு குறையாமல் யார் கவனிப்பது? பிறகு வலி நிவாரணி உண்டா? செலவையும் முதலிலேயே கேட்டு வையுங்கள். திருப்தியான பதில் கிடைத்தால் தாமதிக்காதீர்கள். இடையில் ஒரு நாள் முழுக்க அவன் எதுவும் உண்ணாவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும்.

பல் போனால் எப்படிச் சாப்பிடுவான் என்ற கவலை வேண்டாம். என் வீட்டுக் கிழப் பூனைக்குக் கடைவாய்ப் பற்கள் எல்லாவற்றையும் எடுத்தோம். சில வாரங்களில் குட்டியைப்போல் விளையாடத் தொடங்கியது.

பல் துலக்குவது இப்போது வேண்டாம், நோகும். புண் ஆறி வைத்தியர் சரி என்ற பிறகு, விரலில் ஈரத் துணி சுற்றிக் கன்னத்துப் பக்கமாக மட்டும் அரை நிமிடம் தேயுங்கள். பழகியதும் சிறிய பிரஷ், பூனைக்கென்று விற்கும் பற்பசை. நம் பற்பசை ஆகாது. அவனுக்குத் துப்பத் தெரியாது, அத்தனையும் வயிற்றுக்குள் போகும்.

அம்மாவிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். சிகிச்சை முடிந்து வந்ததும் அதே சூடை மீனை உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்து, ஒரு முள்ளும் விடாமல் எடுத்து, கூழாக மசித்துத் தர அவரைவிடக் கைப்பக்குவம் யாருக்கு இருக்கிறது?