பண்பாட்டு அடுக்கு, கன்னி மண், கரிமக் காலக்கணிப்பு: தொல்லியல் செய்தில வர்ற இந்த வார்த்தைக்கெல்லாம் என்ன அர்த்தம்?

கீழடி செய்தி படிக்கும்போதெல்லாம் இந்த வார்த்தைங்க வருது, ஒண்ணும் பிடிபடல, சாதாரண ஆளுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் தொல்லியல் படிச்சவ இல்ல. ஆனா சில வருஷம் முன்னாடி இங்க சிங்கப்பூர்ல ஒரு அகழாய்வுக்கு தொண்டூழியரா போயி, வாளித் தண்ணியும் பழைய டூத்பிரஷ்ஷும் வச்சுக்கிட்டு பானை ஓடு கழுவி காயவச்சிருக்கேன், அங்க கத்துக்கிட்டத வச்சுதான் சொல்றேன்.

சின்ன வயசுல டிசம்பர் லீவுக்கு சிவகங்கை பக்கம் தாத்தா ஊருக்குப் போவோம். ஊருக்கு வெளிய ஒரு மேடு இருக்கும், மழை பெஞ்சா ஓடு ஓடா மேல வரும், உள்பக்கம் கருப்பு வெளிப்பக்கம் சிவப்பு, வழவழன்னு இருக்கும். அதுல அழகா இருந்த ஒண்ண எடுத்துட்டு வந்து சிங்கப்பூர்ல எங்க வீவக அடுக்குமாடி வீட்டுல பிஸ்கட் டின்ல பத்திரமா வச்சிருந்தேன். தொண்டூழியத்துக்குப் போனப்ப அத எடுத்துட்டுப் போயி, இது எத்தன வருஷம் பழசுன்னு பொறுப்புல இருந்தவர்கிட்ட காட்டினேன். அவரு ஓட்டப் பாக்குறதுக்கு முன்னாடியே மூணு கேள்வி கேட்டாரு. எந்த எடத்துல கிடந்துச்சு, எவ்ளோ ஆழத்துல இருந்துச்சு, பக்கத்துல வேற என்ன இருந்துச்சு? எனக்கு மூணுக்கும் பதில் தெரியல. கருப்பு-சிவப்புப் பானைங்கறது பல நூறு வருஷம் புழக்கத்துல இருந்தது, அதனால தனியா ஒரு துண்ட வச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னாரு. அன்னிக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு, ஆனா நீங்க கேட்ட எல்லா வார்த்தையும் அந்த மூணு கேள்விக்குள்ளதான் இருக்கு.

ஒரு எடத்துல மனுசங்க குடியிருந்தா தரை மெழுகுவாங்க, அடுப்புச் சாம்பல் கொட்டுவாங்க, பானை உடையும், வெள்ளம் வந்து வண்டல் படியும், அதுக்கு மேல அடுத்த தலைமுறை வீடு கட்டும், இப்படியே மண்ணு படிஞ்சு படிஞ்சு நிறம் நிறமா கோடு விழும், பழைய வீட்டுச் சுவர்ல பெயின்ட் உரிஞ்சா உள்ள பச்சை, அதுக்குள்ள ரோஸ்னு தெரியுமே அந்த மாதிரி. அதுதான் மண்ணடுக்கு. அதுல மனுசங்க வாழ்ந்த தடயம் இருக்குற அடுக்குங்கதான் பண்பாட்டு அடுக்கு. தோண்டிக்கிட்டே போயி மனுசக் கை படாத இயற்கை மண்ணு வந்துட்டா அது கன்னி மண், அதுக்குக் கீழ தோண்ட வேண்டியதில்ல. குழிய சதுரமா வெட்டி, பக்கச் சுவர செங்குத்தா சீவி விடுறது இந்தக் கோடுங்களப் படிக்கத்தான்.

இதுல ஒரு விஷயத்த நிறைய பேரு தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. ஆழமா கிடைச்சா பழசுன்னு அர்த்தம் இல்ல. யாராவது 200 வருஷத்துக்கு முன்னாடி குப்பைக் குழி தோண்டியிருந்தா அதுல விழுந்த சாமான், ரெண்டாயிரம் வருஷ மண்ணுக்குப் பக்கத்துலயே கிடக்கும். அதனால அந்தக் குழி எந்த அடுக்குலேர்ந்து வெட்டப்பட்டுச்சுன்னு பாக்கணும், ஆழத்த மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம்.

கரிமக் காலக்கணிப்புக்கு வருவோம். உசுரோட இருக்குற வரைக்கும் செடி கொடி, விலங்கு எல்லாம் கார்பன் 14ங்கறத எடுத்துக்கிட்டே இருக்கும், செத்ததும் அது குறைய ஆரம்பிக்கும், சுமார் 5730 வருஷத்துல பாதியாயிடும். மிச்சம் எவ்ளோன்னு அளந்தா செத்து எத்தன வருஷம் ஆச்சுன்னு தெரியும். அதனால கரி, எலும்பு, தானியம் மாதிரி உசுரு இருந்த பொருளுக்குத்தான் இது. கல்லுக்கு இது ஆகாது. கீழடில 353 செ.மீ. ஆழத்துல சோதனைக்கு எடுத்த சாம்பிளுக்கு கிமு 580னு வந்துச்சு இல்லையா, அந்த வருஷம் அந்த சாம்பிளுக்குத்தான், பக்கத்துல கிடைச்ச பானைக்கு நேரா வந்தது இல்ல. ரெண்டும் ஒரே அடுக்குல கலையாம இருந்துச்சுங்கறத வச்சுத்தான் அந்தக் காலத்த பானைக்கும் சொல்றாங்க. தூத்துக்குடி மாவட்டத்துல அகழாய்வு நடந்த சிவகளை எனக்கு ரொம்பப் பிடிச்சது அதனாலதான். அங்க முதுமக்கள் தாழிக்குள்ளயே, அதாவது செத்தவங்கள வச்சுப் புதைக்கிற பெரிய பானைக்குள்ளயே, நெல்லு கிடைச்சுது, காலம் கிமு 1155னு வந்துச்சு. மரம்னா நூறு வருஷம் நின்னு அப்புறம் வெட்டினதா இருக்கலாம், நெல்லு ஒரு போகத்துல விளைஞ்சு முடிஞ்சிடும், அதுவும் தாழிக்குள்ள இருந்தது, அதனால நம்பிப் பேசலாம்.

பெருங்கற்காலம்னா பெரிய கல்லால வீடு கட்டினாங்கன்னு நினைக்காதீங்க, அந்தப் பேரு வந்தது கல்லு வச்ச புதைகுழிங்களால. தாழியில புதைச்ச ஊருங்களையும் அதே கணக்குல சேத்துப் பேசுவாங்க. பண்பாடுன்னு தொல்லியல்ல சொல்றதும் நாம மேடையில பேசுற பண்பாடு இல்ல, ஒரே மாதிரி பானை, கருவி, புதைக்கிற முறை எல்லாம் சேந்தே கிடைக்கிற கூட்டுக்கு வச்ச பேரு. அத வச்சு என்ன மொழி பேசினாங்கன்னு சொல்லிட முடியாது.

எழுத்து இருந்தா கத வேற. தாய்லாந்துல கிராபி பக்கம் ஒரு பொற்கொல்லரோட உரைகல் கிடைச்சிருக்கு, அதுல தமிழ்ப் பிராமிங்கற பழைய தமிழ் எழுத்துல "பெரும்பதன் கல்"னு இருக்கு, எழுத்தோட வடிவத்த வச்சே கிபி 3, 4ம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. தங்கத்த உரசிப் பாக்குற ஒரு சின்னக் கல்லு, அதுல ஒரு தட்டாரு பேரு, கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கு. இங்க வாழுற நமக்கு இதப் படிக்கும்போது மனசு நெகிழ்ந்துடும்.

சிங்கப்பூர்லயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ஃபோர்ட் கேனிங் மலையில 1920கள்ல நீர்த்தேக்கத்துக்குத் தோண்டுனப்ப வேலையாட்கள் கையில தங்க நகை கிடைச்சுது. அழகான நகைங்கதான், ஆனா மண்ண யாரும் படிக்கல. 1984ல ஜான் மிக்சிக்ங்கற தொல்லியலாளர் அதே மலையில முறையா குழி போட்டப்ப கிடைச்சது பெரும்பாலும் உடைஞ்ச சீனப் பீங்கான், பானை ஓடு, கண்ணாடித் துண்டு. ஆனா 19ம் நூற்றாண்டு மண்ணுக்குக் கீழ 14ம் நூற்றாண்டு அடுக்கு கலையாம இருந்துச்சு. பிரிட்டிஷ்காரரான ராஃபிள்ஸ் 1819ல வர்றதுக்கு 500 வருஷம் முன்னாடியே இங்க ஒரு வணிக ஊரு இருந்துச்சுன்னு மண்ண வச்சு காட்டினது அந்த உடைஞ்ச ஓடுங்கதான். அந்த மலையில அகழாய்வுக் குழிய இப்பவும் போயி பாக்கலாம், டோபி காட் எம்ஆர்டியிலேர்ந்து நடக்குற தூரம்தான், பிள்ளைங்கள கூட்டிட்டுப் போனா பொருளுங்கள மட்டும் காட்டாம குழியோட சுவரையும் காட்டுங்க.

என் ஓட்டுக்கு என்ன பண்ணேன்னா, அம்மாகிட்டயும் ஊர்ல மாமாகிட்டயும் கேட்டு, மேடு ஊருக்கு எந்தத் திசையில, கண்மாயிலேர்ந்து எவ்ளோ தூரம், நான் எந்த வருஷம் எடுத்தேன்னு ஒரு தாள்ல எழுதி அதே டின்னுக்குள்ள வச்சிருக்கேன். அடுத்த தடவ வரும்போது அந்த எடத்தக் காட்டுறேன், ஓட்டையும் எடுத்துட்டு வான்னு மாமா சொல்லியிருக்காரு.