மூளை ரத்த ஓட்ட ஸ்கேன்: கேட்டவர்களுக்குப் பதில்

ஸ்கேன் அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாத்திரை அளவெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம்.

மார்த்தாண்டம்: அப்பாவுக்குக் கை விழுந்துவிட்டது. சாதா சிடி எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். உடனே ஊசி போட்டு இன்னொரு சிடி. காசு பிடுங்கும் வேலையா அண்ணே?

இல்லை தம்பி, ஸ்ட்ரோக் (பக்கவாதம்) என்று சந்தேகம் வந்தால் செய்வதுதான். மூளையில் ரத்தக்கசிவு சாதா சிடியிலேயே தெரியும். ரத்தக் குழாய் அடைப்பு என்றால் முதல் சில மணி நேரம் படம் சுத்தமாகவே இருக்கலாம். இரண்டாவது எடுத்தது பெர்ஃபியூஷன், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சிடி. கை நரம்பில் அயோடின் மருந்தை வேகமாக ஏற்றி, ஒரு நிமிடம் போல மூளையைத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பார்கள். மருந்து எங்கே எவ்வளவு வந்தது, எவ்வளவு தாமதமாக வந்தது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். ரத்த ஓட்டம் நல்ல பக்கத்தில் இருப்பதில் 30 சதவீதத்துக்கும் கீழே போன பகுதி பெரும்பாலும் செத்தது. 6 விநாடிக்கு மேல் தாமதம், ஆனால் இன்னும் சாகவில்லை என்றால், அதுதான் காப்பாற்ற வேண்டிய பகுதி. 2018இல் டான், டிஃப்யூஸ்-3 ஆய்வுகள் வந்த பிறகு, இப்படிப் பார்த்துத் தேர்ந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் விட்டு அடைத்திருக்கும் ரத்தக் கட்டியை எடுக்கிறார்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான்.

குளச்சல்: எனக்கு இறால் சேராது. அயோடின் ஊசி போடலாமா?

இறாலில் சேராதது அதன் புரதம், அயோடின் அல்ல. முன்பு ஸ்கேன் ஊசிக்கே தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கிட்னி கோளாறையும்.

பாறசாலை: சாரே, சும்மா செக்கப்புக்கு எடுக்கலாமா?

வேண்டாம்.

குழித்துறை: ஸ்ட்ரோக் என்றால் பக்கத்து ஆஸ்பத்திரியில் நிற்காமல் நேரே திருவனந்தபுரம் போவதுதான் புத்தி.

பக்கத்தில் சிடியும் ரத்தக் கட்டி கரைக்கும் ஊசியும் இருந்தால் முதலில் அங்கேதான். அந்த ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்குள் வருபவருக்குப் பெரும்பாலும் சாதா சிடியே போதும்.

குழித்துறை மறுபடி: இங்கேயும் சிடி, அங்கேயும் சிடி. இரட்டைச் செலவு இல்லையா?

செலவுதான். ஆனால் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் போகும் என்று 2006லேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். பாலராமபுரம் நெரிசலில் நிற்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கொல்லங்கோடு: குழித்துறைக்காரர் சொல்வதும் சரிதானே அண்ணே? சிடி இல்லாத இடத்தில் பிபி மட்டும் பார்த்து உட்கார வைத்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு விஷயத்தில் சரி. சிடி இல்லாத இடத்தில் இறங்கவே கூடாது. வண்டி கிளம்பும்போதே போன் போட்டுக் கேளுங்கள், ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும் சொல்லுங்கள்.

செங்கோட்டை: பெட் ஸ்கேனில் ரத்த ஓட்டம் இன்னும் துல்லியமாமே?

ஆமாம். ஆனால் அதற்கு உடம்பில் ஏற்றும் ஆக்சிஜன்-15 என்ற கதிரியக்கப் பொருள் இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் எந்திரம் பக்கத்திலேயே வேண்டும். ஸ்ட்ரோக் அவசரத்துக்கு ஆகாது.

நெடுமங்காடு: வருஷத்துக்கு ஒருமுறை செக்கப்பாக...

பாறசாலைக்காரருக்குச் சொன்னதேதான். பிபியையும் சுகரையும் பாருங்கள்.