ஏஜென்ட் இல்லாமல் ஷெங்கன் விசா

வணக்கம். நீங்கள் இருவர், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், பிரான்ஸில் நான்கு நாள், இத்தாலியில் ஆறு நாள். இரண்டுக்கும் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே விசா, போதும். குடும்பத்துக்கே ஒரே படிவம் போதுமா, எந்த நாட்டின் விசா மையத்தில் விண்ணப்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

படிவம் ஆளுக்கொன்று, நான்கு வயதுக் குழந்தைக்கும் தனி. பிள்ளைகளின் படிவத்தில் நீங்கள் இருவரும் கையெழுத்திடுங்கள். அதிக நாள் தங்குவது இத்தாலியில் என்பதால் இத்தாலிக்கான விசா மையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், விமானம் பாரிஸில் இறங்கினாலும் சரி. நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு கணக்கு.

கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 45, சின்னவருக்கு இல்லை. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழ் கைரேகை கிடையாது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; 15 நாளாவது இருக்க வேண்டும். கடைசிவரை இழுக்காதீர்கள், விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் பெரிய தலைவலி.

பயண மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பாஸ்போர்ட், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், பத்து வருடத்துக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும்.

அப்புறம் வங்கிக் கணக்கு. விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று பெரிய தொகையைப் போடாதீர்கள், சந்தேகம்தான் வரும். உண்மையிலேயே வந்த பணமென்றால் அதற்கான ஆதாரத்தை இணையுங்கள். ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் முன்பதிவே போதும். பயணத் திட்டமும் அதே தேதிகளைச் சொல்லட்டும். நான் முதல்முறை போட்டபோது ஒரு இரவு விடுபட்டிருந்தது, கவுன்டரில் நின்றபடி திருத்தினேன்!