அந்தக் கடைசி மூச்சு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

நான் கோவையில் இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காப்பகத்திலிருந்து லட்டுவைக் கூட்டி வந்தோம். லாப்ரடார். வயசானதும் வளர்த்தவர்களே பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். டாக்டர் பல்லைப் பார்த்து ஒன்பது, பத்து இருக்கும் என்றார். சித்திரையில் தண்ணீர் நிறையக் குடிக்க ஆரம்பித்தாள். வெயிலுக்கு என்று நினைத்தேன். ஆடியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் எகிறிக் கிடந்தது. நாலு மாசம் வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்றினேன். கடைசியில் வாயெல்லாம் புண். தயிர்சாதத்தைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். போன மாசம் ஊசி போட்டு அனுப்பிவிட்டோம்.

காரில் ஏற்றும்போது வாலை ஆட்டினாள் சார். சுற்றப் போகிறோம் என்று நினைத்திருப்பாள். டாக்டர் 'போயிட்டா' என்று சொன்ன பிறகு ஒரு தடவை வாயைத் திறந்து பெரிதாக மூச்சு இழுத்தாள். கண் திறந்தே இருந்தது, என்னையே பார்க்கிற மாதிரி. அவளுக்குத் தெரிந்திருக்குமா? 'பெத்த பிள்ளைக்கு இப்படிச் செய்வியா, பாவம்டி' என்கிறார் அம்மா. 'ரெண்டு வருஷம் வளர்த்ததுக்கா இத்தனை அழுகை' என்கிறார்கள் மற்றவர்கள். ஆறு சலைன் பாட்டில் பிரிட்ஜ் மேலே மிச்சம் இருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த மூச்சு. மயக்க மருந்தையே அளவுக்கு மேல் ஏற்றுவதுதான் அந்த ஊசி. நினைவு முதலில் போய்விடும். அப்புறம் மூச்சு, அப்புறம் இதயம். எல்லாம் நின்ற பிறகும் உடம்பு அனிச்சையாக ஒன்றிரண்டு தடவை மூச்சு இழுக்கும். வலி, பயம் எதுவும் அதில் கிடையாது, உணர்வதற்கு உள்ளே நினைவே இல்லை. கண்ணும் அப்படித்தான். இமையை மூடி வைக்கத் தசை வேலை செய்ய வேண்டும், உயிர் போனதும் அது தளர்ந்துவிடுகிறது. லட்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இப்படியெல்லாம் நடக்கலாம் என்று ஊசிக்கு முன்பே உங்களிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது பெரிய கொடுமை.

சித்திரையில் குடித்த தண்ணீரைப் பற்றி: சிறுநீரகம் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு வேலையை இழந்த பிறகுதான் கிரியேட்டினின் ஏறிக் காட்டும். முன்பே தெரிந்திருந்தால் சாப்பாட்டை மாற்றிக் கொஞ்ச நாள் இழுத்திருக்கலாம். போன சிறுநீரகம் திரும்பியிருக்காது.

வால் ஆட்டியதற்கு என்னிடம் மருத்துவப் பதில் இல்லை. சுற்றப் போகிறோம் என்றுதான் நினைத்திருப்பாள். நினைக்கட்டுமே.

அம்மா சொல்வது வேறு விஷயம். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி எழ முடியாமல் கிடந்து துடித்தது. பிழைக்க வழியில்லை என்றானதும் காந்தி மருத்துவரை வரவழைத்து ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கச் சொன்னார். அகிம்சை பேசுகிறவர் பசுங்கன்றைக் கொன்றுவிட்டார் என்று வசைக் கடிதங்கள் குவிந்தன. அவர் மழுப்பவில்லை, தன் 'யங் இந்தியா' பத்திரிகையிலேயே பதில் எழுதினார். நோயாளியின் உடம்பில் கத்தி வைக்கும் மருத்துவர் செய்வது இம்சையா என்பது அவர் வாதம். மனிதர்களுக்கும் இதே நியாயம்தானா, உங்களுக்கே செய்தால் சம்மதமா என்ற கேள்விக்கும் ஆமாம் என்றே சொன்னார். இதை அம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். காந்தியிடமே அன்று பாதிப் பேர் சமாதானம் ஆகவில்லை.

நான் அந்த ஊசியைப் போடாதவன். அதனால்தான் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிழவர் வந்தார், காப்பகத்திலிருந்துதான். வரும்போதே தாடை நரைத்திருந்ததால் 'பெரியவர்' என்று பெயர். மூன்று வருஷம் கழித்துப் பின்னங்கால் விழுந்தது, அப்புறம் சாப்பாடு நின்றது. டாக்டர் இரண்டு முறை ஜாடையாகச் சொன்னார். தானாகப் போகட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒன்பது நாள். இடுப்பெலும்பு துருத்திய இடத்தில் படுக்கைப்புண் வந்து ஈ மொய்த்தது. ராத்திரியில் சின்னதாக ஒரு சத்தம் வரும், கதவு கீல் எண்ணெய் இல்லாமல் கத்துமே, அந்த மாதிரி. பத்தாம் நாள் விடியற்காலை நான் கொஞ்சம் கண்ணசந்த நேரத்தில் போய்விட்டார். என் கையில் பாவம் ஒட்டக்கூடாது என்று அவரை ஒன்பது நாள் கிடத்தினேன். இதற்கு வேறு பெயர் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷம்தானே என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பெரியவரின் கழுத்தில் பழைய பட்டை தேய்த்து முடி போன ஒரு வளையம் இருந்தது. யாரோ என்னவோ பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஜிம்மி, டாமி, மணி, ராஜா எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன், காது அசையவில்லை. ஒரு நாள் எதிர்வீட்டுப் பாட்டி தெலுங்கில் பேரனை 'ரா, ரா' என்று கூப்பிட்டார். தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து, கேட் வரை நொண்டி நொண்டிப் போய் நின்றார். அதற்கப்புறம் நானும் 'ரா' என்றே கூப்பிட்டேன். அவருடைய முதல் பத்து வருஷத்தில் எனக்குக் கிடைத்தது அந்த ஓர் எழுத்துதான்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கிட்டத்தட்ட 1,400 வருஷப் பழசு. செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். எத்தனை வருஷம் வளர்த்தான் என்று கல்லில் போடவில்லை.

பிரிட்ஜ் மேலே இருக்கும் பாட்டில்களை வீட்டில் வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். லட்டு வந்த காப்பகத்திலேயே இப்போது சலைன் ஏறிக்கொண்டிருக்கும் கிழடு ஒன்று இருக்கும். பிரிக்காத பாட்டில்தானா என்று பார்த்து, தேதியையும் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அவளுடைய படுக்கை கிடக்கட்டும், அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.