நாடி தவறும்போது: இதயத் துடிப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

இரவில் படுத்ததும் ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது நெஞ்சில் 'திடும்' என்று இடிக்கிறது. மாரடைப்பு வருமோ? (விசைத்தறித் தொழிலாளி, குடியாத்தம்)

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுதான் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிப்பைத் தொடங்கி வைக்கிறது. அதன் முறை வருமுன்பே வேறோர் இடத்திலிருந்து ஒரு துடிப்பு கிளம்பினால், அடுத்ததற்குச் சற்றுத் தாமதமாகும். அதற்குள் கூடுதலாக நிரம்பிய ரத்தத்தை இதயம் வெளியேற்றுவதே அந்த இடி. 'எக்டோபிக்' எனப்படும் இது, இதயம் நலமாக உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கற்றது. ஈசிஜியும், இதய ஸ்கேனான எக்கோவும் ஒருமுறை எடுங்கள்; இரவு ஷிப்டில் குடிக்கும் தேநீரைக் குறையுங்கள். மயக்கமும் சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம்.

திடீரென்று நெஞ்சு படபடத்து, திடீரென்று நின்றுவிடுகிறது. ஈசிஜியில் ஒன்றுமில்லையாம்; வீட்டில் பயம் என்கிறார்கள். (29 வயதுப் பெண், காட்பாடி)

படபடப்பு நின்ற பிறகு எடுத்த ஈசிஜி சரியாகத்தான் இருக்கும். தாங்கள் சொல்வது எஸ்.வி.டி. என்னும் மேலறை சார்ந்த அதிவேகத் துடிப்பாக இருக்கக்கூடும். அது நடக்கும்போதே அருகிலுள்ள மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். எஸ்.வி.டி. என உறுதியானால், தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கோளாறான மின்பாதையை அழிக்கும் அப்லேஷன் சிகிச்சையால் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைகிறார்கள். பயம் என்று பிறர் சொல்வதை ஏற்று ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

சிறு வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சலால் அம்மாவுக்கு வால்வு சுருங்கியிருக்கிறது. ஈறில் ரத்தம் கசிந்ததால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நிறுத்திவிட்டார். (மகன், ஆற்காடு)

இன்றே மருத்துவரைப் பாருங்கள். அம்மாவின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் மறுகையால் மேசையில் தட்டிப் பாருங்கள். தாளமே பிடிபடாமல் தாறுமாறாக வந்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். அதில் மேலறைகள் சுருங்காமல் நடுங்குவதால் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வார்ஃபரின் தடுப்பது இதைத்தான். ஈறுக் கசிவுக்கு வழி, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதித்து மருத்துவர் மாத்திரை அளவை மாற்றுவதே. பொதுவாக ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே உள்ளது என்பதற்காக முருங்கைக்கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும். வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

74 வயது அப்பாவுக்கு நாடி 38. இருமுறை மயங்கி விழுந்தார். வயதுதான் காரணமா? (ராணிப்பேட்டை)

வயோதிகம் என்று விட்டுவிடாதீர்கள். மேலறையின் மின்துடிப்பு கீழறையை எட்டாத இதய அடைப்பாக இருக்கலாம், துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம். இதைப் படித்த கையோடு அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அவற்றுள் சில நாடியைக் குறைப்பவையாக இருக்கலாம்.