ராணுவக் கத்திக்குத் தோல் உறையை வீட்டிலேயே தைக்க முடியுமா?

கேபார் மாதிரி ராணுவக் கத்திக்கு மிஷின் இல்லாமல் கையாலேயே உறை தைக்க முடியுமா, எதில் கவனம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய மேசையில்தான் தைக்கிறேன். இரண்டு ஊசி, ஒரு குத்தூசி, மெழுகு தேய்த்த நூல், அவ்வளவுதான். வீடியோக்களில் காட்டும் பூவேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உறையின் உயிர் உள்ளே மறைந்திருக்கும் ஒரு சின்னப் பட்டையில் இருக்கிறது. அதை எனக்குப் புரியவைத்தது சித்தப்பாவின் கட்டைவிரல்.

சித்தப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு கேபார் உண்டு. 1942ல் அமெரிக்க மரீன் படை ஏற்றுக்கொண்ட அதே வடிவம்: ஏழு அங்குல அலகு, தோல் வில்லைகளை அடுக்கி இறுக்கிய பிடி. கூட வந்த உறை பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது. நான் தோலை இரண்டாக மடித்து ஓரத்தில் ஒரு வரிசை தையல் போட்டுக் கொடுத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம், செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்துக் கத்தியை உள்ளே செருகியிருக்கிறார். கத்தியின் வாய், அதாவது கூரான ஓரம், தையலை அறுத்துக்கொண்டு வெளியே வந்து, உறையைப் பிடித்திருந்த கட்டைவிரலில் இறங்கிவிட்டது. நாலு தையல். "நீ போட்டதைவிட டாக்டர் போட்ட தையல் கெட்டிடா" என்றார்.

கத்தி ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் அதன் வாய் நூலை உரசுகிறது. நூல் எத்தனை நாள் தாங்கும்? அதனால் இரண்டு மடிப்புக்கும் நடுவே, வாய்ப்பக்க ஓரம் நெடுக, அதே கனத்தில் பத்து மில்லிமீட்டர் அகலத் தோல் பட்டை ஒன்றை வைத்து ஒட்டிவிட்டு, அதன் நடுவில் தைக்க வேண்டும். வாய் பட்டையில் முட்டி நின்றுவிடும், நூல் பிழைக்கும். முனை இறங்கும் இடத்தில் பட்டையை இன்னும் அகலமாக வெட்டுங்கள். ஃபேர்பேர்ன் சைக்ஸ் போல இருபக்கமும் கூரான கத்தி என்றால் இரண்டு ஓரத்துக்கும் பட்டை வேண்டும்.

மூன்று அடுக்கு சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கனம். ஊசி சும்மா இறங்காது. நாலு மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குத்தூசியால் முதலில் துளை போடுங்கள். இந்தக் கனத்துக்குத் தையல் நீளத்தைப் போல ஏழெட்டு மடங்கு நூல், இரு முனையிலும் ஊசி. ஒரே துளையில் இரண்டு ஊசியும் எதிரெதிரே போகவேண்டும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் தையல் இது. ஒரு கண்ணி அறுந்தாலும் மிச்சம் சரசரவென்று பிரியாது. மிஷின் தையலுக்கு அந்தக் குணம் கிடையாது. உறையின் வாயருகே இரண்டு மூன்று கண்ணி திருப்பித் தையுங்கள், இழுவை அங்கேதான் அதிகம்.

தோல், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதாக, மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சோபாவில் கிழித்த, குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் நனைத்து வடிவம் பிடிக்க வராது. தைத்தபின் உறையை நனைத்து, கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் நன்றாகச் சுற்றி உள்ளே வைத்து, விரலால் அழுத்தி உருவம் எடுங்கள். சுற்றாமல் வைத்தால் இரும்பு பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் மை ஆகிற அதே கதைதான்.

இந்த வட்டாரத்தில் 1948ல் மலாயாவில் தொடங்கிய அவசரகாலத்துக் கோலோக் என்னும் காடுவெட்டும் கத்திக்கும் உறை கேட்டு வருவார்கள். அலகு நடுவில் அகலமாக இருந்தால் உறையின் வாயையும் அந்த அகலத்துக்கு விட வேண்டும், அப்புறம் கத்தி இறுக்கமாக நிற்காது. பிடியைச் சுற்றி ஒரு வார், ஒரு பட்டன் கட்டாயம்.

அதை இடுப்பில் கட்டிக்கொண்டு பசார் மாலாம் (இரவுச் சந்தை) பக்கம் போய்விடாதீர்கள். பொது இடத்தில் தக்க காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக ஒன்று: கத்தியை உறைக்குள் வைத்தபடி நாள்கணக்கில் விடாதீர்கள். நம் ஊர் ஈரத்தைத் தோல் குடித்து வைத்துக்கொள்ளும், அலகில் துரு ஏறும். சித்தப்பா வீட்டில் இப்போது உறை ஆணியில் தொங்குகிறது. கத்தி, எண்ணெய்த் துணி சுற்றி, மேசை இழுப்பறையில்.