ஷிப்டில் மூத்தவர்களும் இளையவர்களும் பேசிக்கொள்ள எந்த விளையாட்டு உதவும்?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஐம்பதைத் தாண்டிய டெக்னீஷியன்களும் புதிய இஞ்சினியர்களும் ஒதுங்கியே இருக்கிறார்கள் என்கிறீர்கள். புதிர்ப் போட்டி வேண்டாம். தோற்ற அணி இன்னும் ஒதுங்கும். எல்லோரும் ஒரே அணியாக ஆடும் 'ஹனாபி' சீட்டாட்டத்தை எடுங்கள். சீட்டுகளில் நிறமும் எண்ணும் மட்டுமே என்பதால் மொழியும் தடையில்லை.

மேசைக்கு நால்வர்: இரு மூத்தவர், இரு இளையவர். ஆளுக்கு 4 சீட்டு. தன் சீட்டைத் தான் பார்க்கக்கூடாது, மற்றவருக்குக் காட்டிப் பிடிக்க வேண்டும். ஐந்து நிறங்களையும் 1 முதல் 5 வரை வரிசையாக எல்லோரும் சேர்ந்து அடுக்க வேண்டும். மற்றவர் சீட்டைப் பற்றிய ஒரு குறிப்பில் ஒரு நிறமோ ஒரு எண்ணோதான் சொல்லலாம். குறிப்புகளுக்கு மொத்தம் 8 வில்லைகள், ஒவ்வொரு குறிப்புக்கும் ஒன்று செலவாகும். ஒரு சீட்டைக் கழித்தால் ஒன்று திரும்பும். வரிசைக்குப் பொருந்தாத சீட்டை வைப்பது தவறு; மூன்று தவறு, ஆட்டம் முடிந்தது.

பொதுவாகக் கூட்டு விளையாட்டுகளைக் கெடுப்பது, அனுபவசாலி ஒருவரே எல்லோருக்கும் உத்தரவிடுவதுதான். இங்கே அவர் சீட்டு அவருக்கே தெரியாது. இளையவர் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும். எனக்கு இதுதான் இதன் பெரிய பலம்.

ஆனால் ஒரு சிக்கல்: இளையவர்கள் சீக்கிரமே தங்களுக்குள் சங்கேதம் வைத்துக்கொள்வார்கள், மூத்தவர் குழம்புவார். முதல் சுற்றைச் சீட்டுகளைத் திறந்து வைத்தே ஆடிக் காட்டுங்கள்.

அரை மணி ஆட்டத்துக்குப் பின் பத்து நிமிடப் பேச்சை விடாதீர்கள். "அண்ணே, நான் 'ரெண்டு'ன்னு சொன்னதும் என்ன நினைச்சீங்க?" என்று இளையவர் கேட்கட்டும். ஷிப்ட் ஒப்படைப்புக் குறிப்புகளில் அதே குழப்பம் எங்கே வருகிறது என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை நேரத்திலேயே நடத்துங்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நிற்பவர் மனம் ஆட்டத்தில் இருக்காது.